அடுப்புக் கண்ணாடியில் ஒரு பொட்டு

இன்று ஞாயிற்றுக்கிழமை. காபி குடித்துவிட்டு, குளிர்காயும் அடுப்பின் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். நனைத்துப் பிழிந்த செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டதுமே அந்த வாசனை வந்துவிட்டது. ஈரச் சாம்பலும் அச்சு மையும் கலந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது உங்கள் கையில் மத்தியானம் வரை இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தையும் மீறிக்கொண்டு அடிக்கிறது என்று நான் முகத்தைச் சுளிப்பேன். இன்று என் கையில் அடிக்கிறது. கண்ணாடியின் நான்கு மூலைகளையும் துடைத்தாயிற்று. நடுவில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. அதனால்தான் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து எழுதுகிறேன்.

நீங்கள் போனபின் இது இரண்டாவது இலையுதிர் காலம். போன குளிர்காலம் முழுக்க அடுப்பைப் பற்ற வைக்கவேயில்லை. ஹீட்டரைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாடியிலேயே இருந்துவிட்டேன். கீழே அந்த அறைக்குப் போனால் உங்கள் நாற்காலி இருக்கும், அதற்கு எதிரே அடுப்பு இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெம்பு இல்லை என்பதை உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்த வீட்டுக்குள் அடுப்பு வந்த கதையை வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். வெஸ்ட் வின்ட்சரில் எல்லார் வீட்டிலும் கேஸ் ஹீட்டர் இருக்கிறது. நமக்கும் இருந்தது. அந்தப் பெரிய புயலில் ஒரு வாரம் கரண்ட் போய் ஹீட்டரும் நின்றபோதுதான் உங்களுக்கு ரோஷம் வந்தது. நம் பெண் தாரிணியை நடுவில் போட்டு மூன்று ரஜாய்க்கு அடியில் மூவரும் படுத்திருந்தோம். "இனிமே இந்த வீட்ல குளிர்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது" என்று இருட்டில் சபதம் செய்தீர்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் இரண்டு பேர் ஒரு இரும்புப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுவந்தார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருண்டைகளை எரிக்கும் அடுப்பு. முதல் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது மாட்டுத் தீவனம் மாதிரியல்லவா இருக்கிறது, நம்மை ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். ஈரோட்டுக்காரருக்குத் தீவனம் எது என்று தெரியாதா என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள்.

பின்னால் இருக்கும் தொட்டியில் மூட்டையைக் கொட்டினால் போதும், ஒரு மோட்டார் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும், ஒரு விசிறி காற்று ஊதும், நாம் சும்மா உட்கார்ந்து தீயைப் பார்க்கலாம் என்று பெருமையாக விளக்கினீர்கள். அந்த ஜனவரியில் மறுபடி கரண்ட் போனது. வெளிச்சம் போன அதே நொடியில் மோட்டார் நின்றது, விசிறி நின்றது, தீயும் அணைந்தது. கரண்ட் போனால் குளிரக் கூடாது என்று வாங்கிய அடுப்பு ஓடுவதற்கே கரண்ட் வேண்டும் என்பது, நியூயார்க் வரை ரயிலில் போய் ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை பார்த்தவருக்குத் தோன்றவில்லை. ரஜாயை எடுத்து வந்து உங்கள் மேல் போட்டேன், அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் வந்த விருந்தாளிகள் ஒருவரையும் விடாமல் நான் இதைச் சொன்னேன் என்பதும் உண்மை. நீங்களும் கூடவே சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கேலிக்குக் கேலி என்று நீங்கள் எடுத்து வைத்துக்கொண்ட கதைதான் இந்தக் கண்ணாடி.

அடுப்பின் மற்ற எல்லாவற்றையும் விட அதன் கண்ணாடியில்தான் உங்களுக்கு உயிர். தீ தெரியவில்லை என்றால் அடுப்பு எதற்கு, ஹீட்டரே போதாதா என்பீர்கள். மற்றவர்கள் கடையில் ஸ்ப்ரே வாங்கி அடிப்பார்கள். நீங்கள் அடுப்புச் சாம்பலையே எடுத்து, அதிலும் மேலாக இருக்கும் மாவு போன்றதை மட்டும் எடுத்து, ஈரத்தாளில் தொட்டுத் தேய்ப்பீர்கள். தாளும் எந்தத் தாளாகவும் இருக்கக் கூடாது. வழவழப்பான விளம்பரத் தாள் ஆகாது. இந்தியக் கடை வாசலில் இலவசமாக அடுக்கியிருக்கும் வாரப் பத்திரிகைதான் வேண்டும். நாலைந்து பிரதிகளை எடுத்துக்கொண்டு, சும்மா எடுக்கிறோமே என்ற கூச்சத்தில் கடைக்குள் போய்க் கொத்தமல்லிக் கட்டு ஒன்று வாங்கி வருவீர்கள். வீட்டில் ஏற்கனவே மூன்று கட்டு வாடிக்கொண்டிருக்கும்.

அடுப்பு சூடாக இருக்கும்போது கண்ணாடியில் ஈரம் படக் கூடாது. முதலில் மேல் மூலைகள், பிறகு கீழ் மூலைகள், கடைசியில் நடு. கண்ணாடிக்கு மேலே காற்று இறங்கும் அந்தச் சின்ன இடுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். சாம்பல் நிறத்தில் படிந்தால் கவலையில்லை, கறுப்பாகப் படிந்தால்தான் விசாரிக்க வேண்டும். "கறுத்துப் போச்சுன்னா கண்ணாடியத் திட்டாத அம்மிணி, உள்ள காத்துப் போகலைன்னு அர்த்தம்" என்பீர்கள். நான் திட்டியதே இல்லை. திட்டியதெல்லாம் நீங்கள்தான்.

அந்த முதல் வருஷத்து ஆயுத பூஜை உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் மடிக்கணினி, என் பார்மஸிக் கோட்டில் குத்தும் பெயர்ப் பட்டை, தாரிணியின் வயலின், கிரைண்டர், இரண்டு கார் சாவிகள் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்தோம். கார்களுக்கும் வாஷிங் மெஷினுக்கும் அவை இருந்த இடத்துக்கே போய்ச் சந்தனம் குங்குமம் வைத்தேன். புதிதாக வந்த அடுப்பை மட்டும் விட மனசு வரவில்லை. இரும்பில் வைத்தால் கறுப்பில் கறுப்பாகத் தெரியாமல் போகும் என்று கண்ணாடியின் நட்டநடுவில் வைத்தேன். சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே குழைத்திருந்தேன். குங்குமம் திருச்சியிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பியது. வைத்ததும் அடுப்புக்கு ஒரு முகம் வந்த மாதிரி இருந்தது என்று நீங்கள்கூடச் சொன்னீர்கள்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமிக்குப் புனர்பூஜை செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கத்திரிக்கோலைக்கூட எடுக்க மாட்டோம். ஆகவே மறுநாள் காலை துடைத்துக்கொள்ளலாம் என்றுதான் பொட்டை விட்டு வைத்தேன். சாயங்காலம் திடீரென்று குளிர் இறங்கியது. நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பொத்தானை அழுத்திவிட்டீர்கள். தாளிப்பு வாசனைக்கு நடுவே சந்தனம் கருகும் வாசனை வந்து, நான் கரண்டியோடு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுப்பு ஆறியபின் துடைத்தபோது சந்தனம் உதிர்ந்தது, குங்குமத்தின் சிவப்பும் போனது. ஆனால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம், அதற்குள் பழுப்பாக இன்னொரு சின்ன வட்டம் கண்ணாடியோடு கண்ணாடியாக வெந்துபோயிருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு. நீங்கள் சொன்னது, நான் துடைக்க மறந்துவிட்டேன் என்று. நான் சொன்னது, மறக்கவில்லை, மறுநாள் துடைக்க இருந்தேன், ஆயுத பூஜை அன்றைக்கு ஆயுதத்தை எடுத்தது யார் என்று. அடுப்பு எப்படி ஆயுதம் ஆகும் என்று நீங்கள் கேட்டீர்கள். மடிக்கணினி ஆகுமென்றால் அடுப்பும் ஆகும் என்றேன். தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்ட தாரிணி, இரண்டு பேர் மேலும் தப்பு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வயலினை எடுக்கப் போனாள். புனர்பூஜை ஆகவில்லை என்று அவளையும் தடுக்க வேண்டியதாகிவிட்டது.

வினிகர் போட்டீர்கள். பேக்கிங் சோடாவைக் களிம்பாகக் குழைத்துப் பூசினீர்கள். அடுப்புக் கண்ணாடிக்கென்று விற்கும் க்ரீமை வாங்கித் தேய்த்தீர்கள். குங்குமத்தில் இருக்கும் சுண்ணாம்புதான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம் குளிர்காலத்து ஞாயிறு எல்லாம் ஒரே மாதிரிதான். நான்கு மூலைகளையும் துடைத்துவிட்டுக் கடைசியில் நடுவுக்கு வருவீர்கள். அந்த வட்டத்தை மூன்று தேய்ப்பு தேய்ப்பீர்கள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கும்படி, "ஏனம்மிணி, மறந்துபோட்டியா?" என்பீர்கள்.

தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நம் பெண், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் உங்கள் ஊர் இழுவையோடு அப்படியே சொல்வாள். பத்து வயதில் டிபன் பாக்ஸை விட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போனபோதுகூட, திரும்பி வந்து என்னைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் எப்போதும் சிரிக்க முடிந்ததா என்றால் இல்லை. ஒரு டிசம்பரில் உங்கள் ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அடுப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருக்க, யாரோ அந்த வட்டம் என்ன என்று கேட்டார். நீங்கள் கதையை ஆரம்பித்தீர்கள். இவள் பக்தியில் அடுப்புக்குப் பொட்டு வைத்தாள், புத்தியில் துடைக்க மறந்தாள் என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் ட்ரேயைப் பிடித்தபடி சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குள் முள் மாதிரி தைத்துக்கொண்டு நின்றது உங்களுக்குத் தெரியாது. இத்தனை பேர் முன்னால் இவ்வளவு சொல்கிறார் என்றால், இவருக்கு உண்மையிலேயே மனசுக்குள் அது உறுத்துகிறது, விளையாட்டு மாதிரி சொல்லிக் காட்டுகிறார் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் நீங்கள் ரயிலுக்குப் போனதும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். இன்றைக்கு இதைப் போக்காமல் எழுந்திருப்பதில்லை என்று தேய்த்தேன். வட்டம் போகவில்லை, அதைச் சுற்றிக் கண்ணாடியில் கீறல்தான் விழுந்தது. அன்றைக்கென்று பனி கொட்டியதால் நீங்கள் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டீர்கள். கோட்டுகூடக் கழற்றாமல் வந்து என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, என் கையிலிருந்து நாரை வாங்கி வைத்தீர்கள். "வுடு அம்மிணி. அது இருந்துட்டுப் போகுது" என்றீர்கள். அப்போது எனக்கு அழுகை வந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிட்டுவிட்டீர்கள் என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். புதுக் கண்ணாடி ஒன்று வாங்கிவிடலாமே என்று கேட்டேன். எதற்கு, எரிவதற்கு இது போதும் என்றீர்கள். அடுத்த ஞாயிறே மறுபடி மூன்று தேய்ப்பு, மறுபடி அந்தக் கேள்வி.

நீங்கள் மார்ச் மாதத்தில் போனீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியாததா. வந்தவர்கள் எல்லாம் போனபின் எனக்கு மிச்சமிருந்த கேள்விகள் பெரிய கேள்விகள் இல்லை. காப்பீட்டுக்காரர்களும் தாரிணியும் சேர்ந்து பெரியவற்றைப் பார்த்துக்கொண்டார்கள். என்னிடம் இந்தச் சின்னக் கேள்விதான் தங்கிவிட்டது. அந்த வட்டம் உங்களை உறுத்தியதா, இல்லையா? இவ்வளவு வருஷமும் என் மேல் அந்த ஒரு குறையை வைத்துக்கொண்டுதான் இருந்தீர்களா? கேட்க வேண்டியவர் இல்லாதபோது சின்னக் கேள்வி சின்னதாக இருப்பதில்லை. அடுப்பைப் பார்க்காமல் மாடியில் இருந்துகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த செப்டம்பரில் தாரிணி ஃபிலடெல்ஃபியாவிலிருந்து போன் செய்தாள். அடுப்பை எடுத்துவிடலாம் என்றாள். நாற்பது பவுண்டு மூட்டையைத் தூக்கவும் சாம்பலை அள்ளவும் என்னால் ஆகாது என்பது அவள் கட்சி. தப்பில்லை. நானும் சரி என்று சொல்லப் போனேன். ஆனால் வாயில் வந்தது, ஒரு தடவை சர்வீஸ் பண்ணிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்பதுதான். வருஷா வருஷம் வரும் அடுப்புக்காரரின் எண் ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருந்தது.

அவர் எப்போதும் வார நாளில் வருவார். நான் வேலையில் இருப்பேன், நீங்கள்தான் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்தபடி அவரைக் கவனித்துக்கொள்வீர்கள். எனக்கு அவரை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நரைத்த தாடி, முழங்காலுக்கு ரப்பர் பட்டை. உங்களைப் பற்றிச் சொன்னதும் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் வேலையில் இறங்கினார். புகைக்குழாயைச் சுத்தம் செய்தார், விசிறியைக் கழற்றித் தட்டினார். கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் புறப்பட்டு, அந்த வட்டத்தின் வழியாக மேலே போயிருந்தது. இதை வைத்துக்கொண்டு பற்ற வைக்கக் கூடாது, கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டும் என்றார்.

எந்த வட்டத்தைப் போக்கக் கம்பி நாரால் தேய்த்தேனோ, அது போகப் போகிறது என்றதும் போக வேண்டாம் என்றிருந்தது. சரி, அடுப்பையே எடுத்துவிடுவோம், தாரிணி சொல்வதுதான் சரி என்று நினைத்துக்கொண்டே, புதுக் கண்ணாடி வர எத்தனை நாளாகும் என்று ஒப்புக்குக் கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். வர வேண்டியதில்லையே, உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்குமே என்றார். முதல் வருஷமே உங்கள் கணவர் என்னிடம் சொல்லி அவசரமாக வரவழைத்து வாங்கினார், தானே மாட்டிக்கொள்வதாகச் சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை வரும்போதும் பழையதே இருப்பதைப் பார்த்து மாட்டிவிடட்டுமா என்று கேட்பேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். கடைசியாக வந்தபோதும் கேட்டேன், அடுத்த வருஷம் என்றுதான் சொன்னார். இதையெல்லாம் அவர் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

பேஸ்மென்ட்டுக்குப் போனேன். என் கை எட்டாத மேல் தட்டு, உங்கள் கை மட்டும் எட்டும் தட்டு. ஸ்டூல் போட்டு ஏறினேன். பெரிய பெட்டிகளுக்குப் பின்னால் தட்டையாக ஒரு அட்டைப் பெட்டி சுவரோடு சாய்ந்து நின்றது. ஒட்டிய டேப் ஒட்டியபடி. மேலே உங்கள் பெயர், நம் விலாசம், அனுப்பிய தேதி. பொட்டு வைத்த அதே அக்டோபர்.

முதலில் வந்தது கோபம்தான். சொல்லிவிடுகிறேன். ஸ்டூல் மேல் நின்றபடியே, ஏன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று சத்தமாகவே கேட்டேன். கம்பி நாரால் விரல் தேயத் தேய்த்த அன்றைக்கு இது என் காலடியில், இந்த பேஸ்மென்ட்டில் இருந்திருக்கிறது. புதுசு வாங்கலாமே என்று நான் கேட்டபோதும் இருந்திருக்கிறது. எதற்கு என்றீர்கள்.

அப்புறம் இறங்கிப் படியில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். மறந்து போயிருப்பீர்களா? வருஷா வருஷம் ஒருவர் கேட்டிருக்கிறார், எப்படி மறக்கும். சோம்பேறித்தனமா? கழிப்பறைக் குழாய் சொட்டினால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போகிறவர் நீங்கள். சரி, வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு தேவையில்லாத ஸ்க்ரூடிரைவரை ரசீதோடு கடையில் திருப்பிக் கொடுக்கும் வரை உங்களுக்குச் சோறு இறங்காது. இதைத் திருப்பியும் கொடுக்கவில்லை, மாட்டவும் இல்லை. மாற்ற வேண்டும் என்றுதான் வாங்கியிருக்கிறீர்கள். அது வந்து சேர்வதற்குள் ஒன்றிரண்டு ஞாயிறு கடந்திருக்கும். ஒன்றிரண்டு தடவை மறந்துபோட்டியா என்று கேட்டிருப்பீர்கள், நான் கரண்டியோடு வந்து சண்டை போட்டிருப்பேன். பெட்டி வந்ததும் பிரிக்க மனசு வரவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். தப்பாக இருந்தாலும் இருக்கட்டும், நான் இப்படித்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

இருந்துட்டுப் போகுது என்று அன்றைக்கு என் கையிலிருந்து நாரை வாங்கியபோது நீங்கள் சொன்னது எனக்கு அந்தப் படியில்தான் விளங்கியது. அழுதேன். மேலேயிருந்து அடுப்புக்காரர் கிடைத்ததா என்று குரல் கொடுத்தார். கிடைத்தது என்றேன்.

அவர் பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டார். புகை கசியாமல் ஓரத்தை அடைக்கும் கயிறும் புதிதாக வைத்தார். பழைய கண்ணாடியைத் தன் வண்டியில் போடப் போனவரிடம், கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். சமையலறைத் துண்டில் சுற்றி, புதுக் கண்ணாடி வந்த பெட்டியிலேயே வைத்து டேப் ஒட்டினேன். ஸ்டூல் போட்டு ஏறி அதே தட்டில், அதே சுவரோடு சாய்த்து நிறுத்தினேன். அடுப்பை எடுக்கப் போவதில்லை என்று தாரிணிக்குச் சொன்னேன். மூட்டையை மூன்று வாளிகளில் பிரித்துக் கொட்டிக்கொள்வேன் என்றேன். அவள் ஏன் என்று கேட்டாள். நேரில் வா, சொல்கிறேன் என்றேன்.

ஆயுத பூஜைக்கு அவள் வந்தாள். ரயிலடியில் போய்க் கூட்டி வந்தேன். காரிலேயே பெட்டிக் கதையைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு வழக்கம் போலத்தான். அவள் மடிக்கணினி, என் பெயர்ப் பட்டை, ஒரே ஒரு கார் சாவி. வயலினை அவளாகவே அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். வாஷிங் மெஷினுக்கு வைத்துவிட்டுக் கிண்ணத்தோடு அடுப்பு முன்னால் வந்து நின்றேன். கண்ணாடி அவ்வளவு சுத்தமாக இருந்தது, கண்ணாடி இருக்கிறது என்றே தெரியவில்லை. நட்டநடுவில் சந்தனம் வைத்தேன், தாராளமாகவே. அதன் மேல் குங்குமம்.

சாயங்காலம் குளிர் இறங்கியது. இறங்காவிட்டாலும் பற்ற வைத்திருப்பேன். பூஜை அன்றைக்கு ஆயுதத்தை எடுக்கக் கூடாதுதான், என் அம்மா பார்த்தால் திட்டியிருப்பாள். பொத்தானை அழுத்தினேன். உருண்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே விழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் புகைந்து, பிறகு தீ எழுந்தது. சுண்டல் கிண்ணத்தோடு வந்த தாரிணி கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சந்தனம் கருகும் வாசனை அவளுக்கும் வந்துவிட்டது. உங்கள் நாற்காலியின் கையில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் ஊர் இழுவை கொஞ்சமும் குறையாமல் கேட்டாள்.

"ஏனம்மிணி, மறந்துபோட்டியா?"

"மறக்கலை" என்றேன்.

இவ்வளவுதான் உங்களிடம் சொல்ல இருந்தது. நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான், நீங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாள் காய்ந்திருக்கும், மறுபடி நனைக்க வேண்டும். போய் நடுவில் மூன்று தேய்ப்பு தேய்த்துவிட்டு வருகிறேன். போகாது.